சினைப்பைப் புற்றுநோய் எந்த செல்லில் தொடங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலை செய்வது பேத்தாலஜி ஆய்வகத்தில். அறுவை சிகிச்சையில் எடுத்த உறுப்பை வெட்டி, ஸ்லைடாக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் இடம். ரிப்போர்ட்டை வாங்க வரும் பெண்கள், அவர்களுடைய மகள்கள், தங்கைகள், சில நேரம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: இது எங்கிருந்து வந்தது? அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். சிகிச்சை முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சுக்குத் தயாராக இது உதவினால் போதும்.

சினைப்பைப் புற்றுநோய்னா சினைப்பையிலதானே ஆரம்பிக்கும்? இதுல என்ன சந்தேகம்?

பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மருத்துவ உலகமும் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நம்பியது. ஆனால் அந்தப் பெயர், கட்டி எங்கே கண்ணில் பட்டது என்பதைத்தான் சொல்கிறது. அது எந்த செல்லில் பிறந்தது என்பது வேறு விஷயம். இந்தப் பெயருக்குள் பிறப்பிடமும் குணமும் வேறு வேறான பல நோய்கள் ஒன்றாக அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றில் மிக அதிகமாக வருவது, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. பக்கத்தில் இருக்கும் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

சினைப்பையில எத்தனை விதமான செல் இருக்கு? எதுல இருந்து என்ன வரும்?

மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது, மேலே தோல் போலப் போர்த்தியிருக்கும் ஒற்றை வரிசை செல்கள். இரண்டாவது, முட்டையாகும் இன செல்கள். மூன்றாவது, முட்டையைச் சுற்றி நின்று ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்களும் அவற்றைத் தாங்கும் திசுவும்.

சினைப்பைப் புற்றுநோயில் சுமார் 90 சதவீதம் 'எபிதீலியல்' வகை. எபிதீலியம் என்றால் உறுப்புகளைப் போர்த்தியிருக்கும், அல்லது உள்ளே பூசியது போல இருக்கும் செல் அடுக்கு. குழப்பமும் விவாதமும் எல்லாம் இந்த 90 சதவீதத்தைப் பற்றித்தான். இன செல்லிலிருந்தும் ஹார்மோன் செல்லிலிருந்தும் வருபவை உண்மையாகவே சினைப்பைக்குள் பிறப்பவை. அவற்றின் பிறப்பிடத்தில் பெரிய தகராறு இல்லை.

ரிப்போர்ட்ல 'ஹை கிரேடு சீரஸ் கார்சினோமா'ன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

எபிதீலியல் வகைக்குள் ஐந்து முக்கியப் பிரிவுகள் உண்டு: ஹை கிரேடு சீரஸ், லோ கிரேடு சீரஸ், எண்டோமெட்ரியாய்டு, கிளியர் செல், மியூசினஸ். இதில் ஹை கிரேடு சீரஸ் மட்டுமே ஏறக்குறைய 70 சதவீதம். வேகமாகப் பரவுவதும், பெரும்பாலும் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான்.

'ஹை கிரேடு' என்றால் செல்களின் உருவம் இயல்பிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது என்று பொருள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை இந்தச் சொல் குறிக்காது, அதைச் சொல்வது ஸ்டேஜ். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயந்துபோய் வருபவர்கள் நிறைய பேர். அதனால்தான் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஹை கிரேடும் லோ கிரேடும் ஒரே நோயின் இரண்டு படிகள் அல்ல. ஹை கிரேடில் 96 சதவீதக் கட்டிகளில் டிபி53 என்ற காவல் மரபணு கெட்டிருப்பதை 2011-ல் வெளியான பெரிய மரபணு ஆய்வு காட்டியது. லோ கிரேடில் அந்த மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அங்கே கெடுவது கேராஸ், பிராஃப் போன்ற வேறு மரபணுக்கள். லோ கிரேடு முற்றி ஹை கிரேடாக மாறுவது அபூர்வம்.

மாசாமாசம் முட்டை வெளியே வரும்போது ஆகுற காயத்துலதான் வருதுன்னு படிச்சேனே. அது தப்பா?

முழுக்கத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. 1971-ல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா இந்தக் கருத்தை முன்வைத்தார். ஒவ்வொரு முறை முட்டை வெளிவரும்போதும் சினைப்பையின் மேல்தோல் கிழிகிறது, பிறகு ஆறுகிறது. கிழிந்து ஆறி, கிழிந்து ஆறி வரும்போது ஏதோ ஒரு தடவை செல் பிரிவதில் பிழை நேர்கிறது என்பது அவருடைய வாதம். கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் முட்டை வெளிவருவதை நிறுத்தி வைக்கின்றன. அந்தப் பெண்களுக்கு இந்த நோய் குறைவாக வருவது உண்மை. ஓயாமல் முட்டையிடும் கோழிகளுக்கு வயதாகும்போது இதே மாதிரி புற்றுநோய் தானாகவே வருவதையும் சாட்சியாகக் காட்டுவார்கள்.

ஆனால் ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. சினைப்பையின் மேல்தோல் செல்கள், வயிற்றறையின் உட்பூச்சான பெரிட்டோனியத்தின் செல்களுக்குச் சொந்தக்காரர்கள். தட்டையாக, எளிமையாக இருப்பவை. கட்டியிலோ, கருக்குழாய், கருப்பை, கருப்பை வாய் இவற்றின் உட்பூச்சு போன்ற செல்கள் தெரிகின்றன. இந்த உறுப்புகள் எல்லாம் கருவில் முல்லேரியன் நாளம் என்ற ஒரே குழாயிலிருந்து உருவாகின்றன. சினைப்பை அதிலிருந்து உருவாவதில்லை. பேத்தாலஜியில் இருப்பவர்களுக்கு இது எப்போதுமே உறுத்தலாக இருந்த விஷயம். சினைப்பைத் தோல் செல் புற்றாக மாறும்போது முதலில் கருக்குழாய் செல் மாதிரி வேஷம் மாறி, அப்புறம் கெடுகிறது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். புற்றாக மாறும் செல் பொதுவாகத் தன் அடையாளத்தை இழக்கும். இன்னும் நேர்த்தியான அடையாளத்தை அது எதற்காக எடுத்துக்கொள்ள வேண்டும்?

கருக்குழாய் மேல சந்தேகம் எப்படி வந்தது?

ஆரோக்கியமான பெண்களிடமிருந்து வந்தது. பிஆர்சிஏ1 மரபணு 1994-லும் பிஆர்சிஏ2 1995-லும் கண்டறியப்பட்டன. இவற்றில் பிழையோடு பிறந்தால் மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் வரும் ஆபத்து கூடும். அப்படிப் பிறந்த பெண்கள், நோய் வருவதற்கு முன்பே சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிட ஆரம்பித்தார்கள். புற்றின் முதல் சுவடு எங்கே இருக்கும் என்று தேட இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. எல்லோரும் சினைப்பைக்குள் தேடினார்கள், கிடைக்கவில்லை. 2001-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு குழு, அதே பெண்களின் கருக்குழாய்களில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் இருப்பதை எழுதியது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பாஸ்டனில் கிறிஸ்டோபர் கிரம் குழுவினர், குழாயை முழுவதுமாகச் சோதிக்கும் ஒரு முறையை வகுத்தார்கள்.

அதுவரை குழாயை எப்படிப் பார்த்தோம் என்று சொன்னால்தான் இதன் அருமை புரியும். நடுவில் ஒன்றிரண்டு குறுக்குத் துண்டுகள் வெட்டி, இது கருக்குழாய்தான் என்று உறுதி செய்துகொண்டு விட்டுவிடுவது வழக்கம். நுனி பெரும்பாலும் ஸ்லைடுக்கே வந்து சேராது. புதிய முறையில் நுனியின் கடைசி இரண்டு சென்டிமீட்டரைத் தனியாக வெட்டி, நீளவாக்கில் துண்டு போடுகிறோம். மீதிக் குழாயை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வில்லையாக அறுத்து, எதையும் விடாமல் மெழுகில் பதிக்கிறோம். அந்த நுனிக்கு ஃபிம்ப்ரியா என்று பெயர். விரல் விரலாகப் பிரிந்து, தண்ணீரில் விட்டால் கடல் பாசி மாதிரி விரியும். சினைப்பையைத் தொட்டும் தொடாமலும் நின்று முட்டையை வாங்கிக்கொள்வது அதுதான். ஆரம்பப் புற்று அங்கேதான் இருந்தது.

மைக்ரோஸ்கோப்ல அந்த ஆரம்பப் புற்று எப்படித் தெரியும்?

கருக்குழாயின் உட்பூச்சில் முக்கியமாக இரண்டு வகை செல்கள் கலந்து நிற்கும். தலையில் நுண்மயிர் அசையும் செல்கள் ஒன்று, சுரக்கும் செல்கள் இன்னொன்று. கெடுவது சுரக்கும் செல். முதல் கட்டத்தில் உருவம் துளியும் மாறியிருக்காது. சாதாரணச் சாயத்தில் பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. டிபி53 மரபணு உண்டாக்கும் பி53 புரதத்துக்கான சாயத்தைப் போட்டால் மட்டும், நீலமாக நிற்கும் வரிசையின் நடுவில் பத்துப் பன்னிரண்டு செல்கள் அடுத்தடுத்து அடர் பழுப்பாக நிற்கும். இதை 'பி53 கையெழுத்து' என்கிறார்கள். பிஆர்சிஏ பிழை இல்லாத பெண்களிடமும் இது கிட்டத்தட்ட அதே அளவு தென்படுகிறது. பெரும்பாலானவை அப்படியே இருந்துவிடும், புற்றாவதில்லை.

அடுத்த கட்டத்தில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உட்கரு பெருத்து, வேகமாகப் பிரிய ஆரம்பிக்கும். ஆனால் இன்னும் அடித்தளத்தைத் துளைத்து உள்ளே போயிருக்காது. இதுதான் 'ஸ்டிக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கருக்குழாயின் உட்பூச்சுப் புற்று. அளவு பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். முதல் தடவை நானே ஒன்றைக் கண்டபோது, லென்ஸை மாற்றி மாற்றி அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாய்ல ஆரம்பிச்சா, கட்டி ஏன் சினைப்பையில பெரிசா இருக்கு?

நுனி திறந்தே இருக்கிறது என்பதுதான் காரணம். அங்கிருந்து உதிரும் செல் விழுகிற இடம் சினைப்பையின் மேற்பரப்பு, இல்லாவிட்டால் வயிற்றறை. முட்டை வெளிவந்த காயம் ஆறும்போது மேற்பரப்பு உள்ளே மடிந்து சின்னச் சின்னப் பைகள் உண்டாகும். உதிர்ந்த குழாய் செல்கள் அதற்குள் சிக்கிக்கொள்ள முடியும். ரத்த ஓட்டமும் ஹார்மோனும் நிறைந்த சினைப்பையின் உட்பகுதியில் அவை தழைக்கின்றன. தாய்ப்புற்று மில்லிமீட்டர் அளவில் இருக்க, அங்கே போய் விழுந்தது பத்து சென்டிமீட்டராக வளர்ந்திருக்கும்.

ஃபதல்லாவின் கருத்து இங்கே திரும்பவும் உள்ளே வருகிறது. முட்டையோடு வெளிவரும் திரவம் முதலில் நனைப்பது ஃபிம்ப்ரியாவைத்தான். அதில் அழற்சியைத் தூண்டும் பொருட்கள் உண்டு. எனவே முட்டை வெளிவருவதற்கும் புற்றுக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. அடி வாங்கும் செல் எது என்ற பதில்தான் மாறியது.

அப்போ குழாய்தான்னு நூறு சதவீதம் உறுதியா?

ஹை கிரேடு சீரஸ் வகையில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் பலமானது. ஸ்டிக்கிலும் அதே பெண்ணின் சினைப்பைக் கட்டியிலும் ஒரே டிபி53 பிழை இருக்கிறது. கருக்குழாய் செல்லின் முத்திரையான பேக்ஸ்8 புரதம் கட்டியில் தெரிகிறது. சினைப்பைத் தோலின் முத்திரையான கால்ரெட்டினின் பொதுவாகத் தெரிவதில்லை. எலிகளின் கருக்குழாய் சுரக்கும் செல்லில் மட்டும் டிபி53, பிஆர்சிஏ போன்ற மரபணுக்களைக் கெடுத்தபோது, ஸ்டிக் வந்து அது சினைப்பைக்கும் பரவியது.

ஆனாலும் முழுசாகக் கதவை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. குழாயை எவ்வளவு கவனமாக அறுத்துப் பார்த்தாலும், ஏறக்குறைய பாதி நோயாளிகளிடம்தான் ஸ்டிக் கிடைக்கிறது. பெரிய கட்டி குழாயையே விழுங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பி53 கையெழுத்து கட்டத்திலேயே செல்கள் உதிர்ந்து வெளியே போய், பல ஆண்டு கழித்து அங்கே புற்றாகலாம் என்பது இன்னொன்று. சில நேரம் வேறு இடத்துப் புற்று குழாய்க்கு வந்து ஒட்டிக்கொண்டு ஸ்டிக் போலவே காட்சி தருவதும் உண்டு. தவிர, 2013-ல் எலிகளின் சினைப்பையில், குழாயும் தோலும் சந்திக்கும் ஓரத்தில், எளிதில் புற்றாகும் தண்டு செல்கள் (புதிய செல்களை உண்டாக்கும் மூல செல்கள்) இருப்பது தெரிந்தது. எனவே ஒரு சிறு பங்கு உண்மையிலேயே சினைப்பைத் தோலில் பிறக்கக்கூடும்.

ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆகும்? வருஷாவருஷம் ஸ்கேன் பண்ணா பிடிச்சிடலாமே?

2017-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு, ஸ்டிக் உண்டானதிலிருந்து சினைப்பைக் கட்டி தொடங்குவதற்குச் சராசரியாக ஏழு ஆண்டுகள் ஆகலாம் என்று கணக்கிட்டது. சில பெண்களின் திசுவை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு, எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சினைப்பைக்கு வந்து சேர்ந்தபின் மற்ற இடங்களுக்குப் பரவுவது வேகமாக நடக்கிறது என்றும் அதே ஆய்வு சொன்னது.

சிக்கல் என்னவென்றால், அந்த நீண்ட காலத்தில் நோய் மில்லிமீட்டர் அளவில் ஒரு குழாய் மடிப்புக்குள் கிடக்கிறது. ஸ்கேன் பார்ப்பதோ சினைப்பையை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஸ்கேனும் சிஏ125 ரத்தப் பரிசோதனையும் வைத்து நடந்த மிகப் பெரிய சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. இந்த நோயால் ஏற்படும் இறப்பு குறையவில்லை. அறிகுறி எதுவும் இல்லாத, குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெண்களுக்கு இந்தப் பரிசோதனைகளைப் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் இவை புதிதாக வந்து விடாமல் நீடித்தால், அது வேறு. தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கு. அது கேன்சரா மாறுமா?

மிகப் பெரும்பாலானவர்களுக்கு மாறாது. எண்டோமெட்ரியோசிஸ் என்பது கருப்பையின் உட்பூச்சு போன்ற திசு வெளியே, பெரும்பாலும் சினைப்பையில், குடியேறுவது. மாதவிடாய் ரத்தத்தோடு கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து ஒட்டுகிறது என்பது பரவலான விளக்கம். கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு என்ற இரண்டு வகைகளும் பெரும்பாலும் இந்தத் திசுவிலிருந்துதான் வருகின்றன. 2010-ல் ஏரிட்1ஏ என்ற மரபணு இந்தப் புற்றுகளில் கெட்டிருப்பது தெரிந்தது. புற்றை ஒட்டிக் கிடந்த எண்டோமெட்ரியோசிஸ் திசுவிலும் அதே பிழை இருந்தது.

ஆக, இந்த வகைகளுக்கும் விதை வெளியிலிருந்துதான் வருகிறது, கருப்பையிலிருந்து. எண்ணிக்கையைப் பார்த்தால் பயம் குறையும்: பொதுவாக ஒரு பெண்ணின் வாழ்நாள் ஆபத்து 100-க்கு ஒன்றுக்குச் சற்று மேல். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அது கூடுகிறது, ஆனாலும் 100-க்கு இரண்டைத் தாண்டுவதில்லை.

மியூசினஸ்னு வந்திருக்கு, குடலையும் வயிறையும் பார்க்கச் சொல்றாங்க. ஏன்?

சினைப்பையில் தெரியும் மியூசினஸ் புற்றில் கணிசமான பங்கு, குடல், குடல்வால், இரைப்பை, கணையம் இவற்றிலிருந்து வந்து தங்கியது. இரண்டு பக்கமும் இருந்தால், கட்டி சின்னதாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். இந்தத் தடுமாற்றம் பழையது. 1896-ல் ஃப்ரீட்ரிஷ் க்ருக்கன்பெர்க் சினைப்பையின் புதிய கட்டி என்று விவரித்தது, உண்மையில் பெரும்பாலும் இரைப்பையிலிருந்து பரவியது என்பது பிறகுதான் புரிந்தது. உங்கள் மருத்துவர் எண்டோஸ்கோப்பி கேட்டால் அதைச் செய்துவிடுங்கள். சினைப்பையிலேயே பிறந்த மியூசினஸ் புற்று எந்த செல்லில் தொடங்குகிறது என்பதற்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

என் பொண்ணுக்குப் பதினேழு வயசுதான். இந்த வயசுல எப்படி? கட்டிக்குள்ள முடி இருந்துச்சாமே?

முடி, பல், தோல் இருந்தால் அது டெர்மாய்டு கட்டி, மிகப் பெரும்பாலும் புற்று கிடையாது. முட்டையாக வேண்டிய இன செல், கருவுறாமலேயே பிரிய ஆரம்பித்து உண்டாவது. அந்த செல்லுக்கு உடம்பின் எந்தத் திசுவையும் செய்யும் திறன் உண்டு. முடியும் பல்லும் அதனால்தான். யாரும் எதுவும் தப்பாகச் செய்து வந்ததல்ல இது. அந்தப் பெண்ணிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இன செல்லிலிருந்து புற்றும் வரலாம். இளவயதில் வரும் சினைப்பைப் புற்று பெரும்பாலும் அந்த வகைதான். கீமோவுக்கு மிக நன்றாக அடங்குவதால், ஒரு பக்கச் சினைப்பையையும் கருப்பையையும் காப்பாற்றியே பலரைக் குணப்படுத்த முடிகிறது.

ரெண்டு சினைப்பையும் எடுத்த அப்புறமும் அம்மாவுக்கு வந்துச்சு. எப்படி?

கருக்குழாய் நுனியிலிருந்து செல்கள் உதிர்வதைப் பற்றி மேலே சொன்னேன். அறுவைக்கு முன்பே உதிர்ந்து வயிற்றறையில் ஒட்டியவை பின்னால் வளரலாம். இப்படி வருவதைப் பெரிட்டோனியப் புற்று என்பார்கள். ஸ்லைடில் ஹை கிரேடு சீரஸிலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. சினைப்பையை மட்டும் எடுத்துக் குழாயை விட்டுவைத்த பழைய அறுவைகளில் இன்னொரு வழியும் திறந்தே இருந்தது.

குடும்பத்துல பிஆர்சிஏ இருக்கு. குழாயை மட்டும் எடுத்தா போதுமா?

இன்றைய நிலையில், போதும் என்று சொல்ல முடியாது. பிஆர்சிஏ1 பிழை இருந்தால் 80 வயதுக்குள் வரும் ஆபத்து 100-க்கு 44 அளவிலும், பிஆர்சிஏ2-வில் 17 அளவிலும் கணக்கிடப்பட்டிருக்கிறது. அதனால் குழந்தை பெற்று முடித்தபின், பிஆர்சிஏ1-க்கு 35 முதல் 40 வயதிலும், பிஆர்சிஏ2-க்கு 40 முதல் 45 வயதிலும் சினைப்பை, குழாய் இரண்டையும் எடுப்பதே பரிந்துரை. முதலில் குழாய், சில ஆண்டு கழித்துச் சினைப்பை என்று இரண்டு கட்டமாகச் செய்யும் யோசனை பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டு வருகிறது. சினைப்பையை இளவயதில் எடுத்தால் திடீர் மாதவிடாய் நிறுத்தம், எலும்புத் தேய்மானம், இதய நோய் என்று விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைத் தள்ளிப்போட முடிந்தால் பெரிய நிம்மதிதான்.

மரபுப் பிழை இல்லாதவர்களுக்கு வேறு கணக்கு. கருப்பையை எடுக்கும்போதோ கருத்தடை அறுவையின்போதோ, குழாய்களை முழுசாக எடுத்துவிடும் வழக்கத்தைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2010-ல் பரவலாக்கியது. அப்படிச் செய்துகொண்ட 25,889 பெண்களைப் பற்றி 2022-ல் வந்த அறிக்கையில், சீரஸ் வகை ஒருவருக்குக்கூட வரவில்லை. ஐந்து பேருக்காவது வந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

கருத்தடைக்காகக் குழாயை எடுக்கல, முடிச்சுப் போட்டு அடைச்சு மட்டும் விட்டிருக்காங்க. மாத்திரையும் சில வருஷம் சாப்பிட்டேன். பலன் உண்டா?

இரண்டுக்கும் உண்டு. குழாயைக் கட்டுவது மொத்த ஆபத்தைச் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. கிளியர் செல், எண்டோமெட்ரியாய்டு வகைகளில் பலன் இன்னும் அதிகம். எண்டோமெட்ரியோசிஸ் கேள்வியில் சொன்ன பின்னோக்கிய பாதை அடைபடுவதை நினைத்தால் இது பொருந்தி வருகிறது. நுனி அப்படியே இருப்பதால் ஹை கிரேடு சீரஸில் பலன் குறைவு.

மாத்திரையைப் பற்றி 45 ஆய்வுகளைச் சேர்த்து 2008-ல் ஒரு கணக்கு வந்தது. பத்து ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு, 75 வயதுக்குள் வரும் வாய்ப்பு 100-க்கு 1.2-லிருந்து 0.8 ஆகக் குறைகிறது. நிறுத்திய பிறகும் அந்தப் பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடிக்கிறது. இதற்காகவே மாத்திரை தொடங்கலாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் ரிப்போர்ட்ல சினைப்பைன்னு, ரெண்டாவது இடத்துல கருக்குழாய்னு எழுதியிருக்காங்க. யாரோ தப்புப் பண்ணிட்டாங்களா? சிகிச்சை மாறுமா?

பெரும்பாலும் யாரும் தவறு செய்யவில்லை. முதல் இடத்தில் நுனி ஸ்லைடுக்கு வராமல் இருந்திருக்கலாம். இரண்டாவது இடத்தில் அதை முழுதாகப் பார்த்து ஸ்டிக்கைக் கண்டிருப்பார்கள். 2014 முதல் உலக அளவில் சினைப்பை, கருக்குழாய், பெரிட்டோனியம் மூன்றுக்கும் ஒரே ஸ்டேஜ் முறைதான். ஹை கிரேடு சீரஸ் என்றால் பிறப்பிடத்துக்கு எந்தப் பெயர் போட்டாலும் அறுவையும் கீமோவும் ஒன்றுதான். பிஆர்சிஏ பிழை இருந்தால், டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் பார்ப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் கொடுப்பதும் அப்படியே.

ஆனால் இரண்டு ரிப்போர்ட்டுகளிலும் வகையின் பெயரே வேறாக இருந்தால், உதாரணமாக ஒன்றில் ஹை கிரேடு சீரஸ், இன்னொன்றில் கிளியர் செல் அல்லது லோ கிரேடு என்றிருந்தால், விடாதீர்கள். கீமோவுக்கு அடங்கும் விதமும் மருந்துத் தேர்வும் அதனால் மாறும். உங்கள் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்குகளை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருக்கும். எழுதிக் கேட்டு வாங்கி, இந்த நோயை அதிகம் பார்க்கும் ஒரு பேத்தாலஜிஸ்டிடம் கொடுங்கள். குழாயின் நுனி மீதி இருந்தால் அதையும் பதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கீமோ முடிந்தபின் எடுத்த திசுவில், தொடங்கிய இடத்தின் சுவடே அழிந்துபோயிருக்கலாம்.